கிரிக்கெட் மேலாளர் ஆட்டம்: ஒப்பந்தமும் சம்பளக் கணக்கும் முதல் சீசனிலிருந்தே

கிரிக்கெட் மேலாளர் ஆட்டங்களில் மட்டையும் பந்தும் நம் கையில் இருக்காது. யாரை எடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எத்தனை வருடத்துக்குக் கையெழுத்து வாங்குவது, இதுதான் நம் வேலை. 1998-ல் இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன் என்று வந்து, இப்போது கிரிக்கெட் கேப்டன் என்ற பெயரில் கணினியிலும் மொபைலிலும் கிடைக்கும் ஆட்டம் இந்த வகையில் பழையது. பிரவுசரில் ஆடுவது தனி. ஐபிஎல் ஏலம் மாதிரி நண்பர்களே சேர்ந்து எக்செல்லில் கணக்கு வைத்து ஆடுவதும் உண்டு. பட்டன் பெயரும் விதியும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். பணம் கரையும் வழி மட்டும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு ஆடுகிற பசங்க முதல், காவேரிப்பட்டணத்தில் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் என் அக்கா மகன் வரை, புதிதாக ஆடுகிறவர்கள் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். வீரரின் விலையைப் பார்க்கிறார்கள், திறமைப் புள்ளியைப் பார்க்கிறார்கள், ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். முதல் சீசனில் கோப்பை வரும், மூன்றாவது சீசனில் அணியே இருக்காது.

படி 1: இரண்டு வகைப் பணத்தைப் பிரியுங்கள்

நிதிப் பக்கத்தைத் திறந்ததும் ஒரு பெரிய தொகை தெரியும். அதை அப்படியே நம்பக் கூடாது. ஒரே ஒரு முறை போகும் பணம் வேறு, வருடா வருடம் போகும் சம்பளம் வேறு. வீரரை வாங்கும் தொகை, மைதானச் செலவு, பயிற்சி வசதி எல்லாம் முதல் வகை. சம்பளம் அப்படியில்லை, ஒப்பந்தம் முடியும்வரை விடாது.

ஐபிஎல் பாணி ஆட்டத்தில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். அங்கே ஏலத்தில் சொல்லும் விலைதான் அந்த வீரரின் ஒரு சீசன் சம்பளம். 2025 சீசனுக்கான ஏலத்தில் ரிஷப் பந்தை லக்னோ அணி 27 கோடிக்கு எடுத்ததே, அது மூன்று வருடத்துக்கும் சேர்த்து என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருடத்துக்கு 27 கோடி.

படி 2: ஐந்து கட்டத்தில் ஒரு பட்டியல்

ஒரு நோட்டு எடுங்கள், இல்லை கூகுள் ஷீட் திறங்கள். பெயர், வயது, வேலை (தொடக்க ஆட்டக்காரர், கீப்பர், சுழல், வேகம்), சம்பளம், ஒப்பந்தம் முடியும் வருடம். பிறகு கடைசிக் கட்டத்தின்படி வரிசைப்படுத்துங்கள், பெயர்படி வேண்டாம். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

அக்கா மகன் ஒரு நாள் போன் செய்தான். "மாமா, இன்னும் எட்டு லட்சம் மிச்சம் இருக்கு. ஒரு ஃபாஸ்ட் பவுலர் எடுத்துக்கட்டா?"

"அடுத்த வருஷம் உன் டீம்ல யார் யார் இருப்பாங்கன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அவன் ஆட்டத்தில் சீசனுக்கு 100 லட்சம் சம்பள வரம்பு. 20 வீரர்களுக்கு 92 லட்சம் போகிறது, 8 மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வருடப்படி வரிசைப்படுத்தச் சொன்னதும் பூதம் கிளம்பியது: இரண்டு தொடக்க ஆட்டக்காரர்கள், கீப்பர் உட்பட 11 பேரின் ஒப்பந்தம் ஒரே சீசன் முடிவில் காலாவதி. அந்த 11 பேர் சம்பளம் 58 லட்சம். அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்ததால் அவர்கள் சராசரியாக 30 சதவீதம் கூடக் கேட்டால் 75 லட்சத்துக்கு மேல் வருகிறது. மீதி 9 பேருக்கு 34 லட்சம். மொத்தம் 109. வரம்பு 100தான். மிச்சமிருப்பதாக அவன் நினைத்த எட்டு லட்சம் ஏற்கெனவே செலவான பணம்.

எப்படிச் சரிசெய்தோம் என்றால், சீசன் பாதியிலேயே இளைஞர்கள் நான்கு பேருக்கு மூன்று வருட நீட்டிப்பு. நடுவயதுக்காரர்கள் மூன்று பேருக்கு ஒரு வருடம் மட்டும். முப்பத்தைந்தைத் தாண்டிய இருவரை விட்டுவிடுவது என்று அப்போதே முடிவு. மீதி இருவரைச் சீசன் முடிவில் பார்த்துக்கொள்ளலாம். 20 பேர் அணி என்றால் ஒரு வருடத்தில் ஏழு பேருக்கு மேல் ஒப்பந்தம் முடியாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

படி 3: பணத்தைப் பங்கு போடுங்கள்

என் பங்கு முறை இது: நூறு ரூபாயில் முதல் பதினொருவருக்கு 65, அடுத்த ஐந்தாறு பேருக்கு 15, இளைஞர்களுக்கு 8, தொடாமல் 12. வேறு கணக்கில் ஆடி ஜெயிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த 12-ஐ முதல் நாளே செலவழித்துவிட்டு நன்றாக முடித்தவரை நான் பார்த்ததில்லை.

நிஜ ஏலமே இதற்குச் சாட்சி. 2025 சீசனுக்கு ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி. லக்னோ ஐந்து பேரைத் தக்கவைத்ததில் 51 கோடி போய், ஏலத்துக்கு 69 கோடியோடு வந்தது. அதில் 27 கோடி ஒரே ஆளுக்கு, கையில் இருந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு. பிறகு தக்கவைத்த வேகப்பந்து வீச்சாளர் மோசின் கான் காயத்தால் சீசனையே இழந்தார். ஏலத்தில் விலைபோகாத ஷர்துல் தாக்கூரை மாற்று வீரராகக் கூட்டிவர வேண்டியிருந்தது. அந்த வருடம் அணி ஏழாவது இடம். ரிஷப் பந்தை எடுத்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒரே இடத்தில் இவ்வளவு போட்டால் மற்ற இடங்களில் அடி வாங்கத் தெம்பு இருக்காது.

படி 4: யாருக்கு எத்தனை வருடம்

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வேகப்பந்து வீச்சாளருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்காதீர்கள், இரண்டு வருடம் தாராளம். காயம் அவர்களுக்குத்தான் அதிகம், சரிவும் சீக்கிரம் வரும். சுழல் வீரர்கள் முப்பதுக்கு மேலும் தேறிக்கொண்டே போவார்கள், அவர்களை மூன்று வருடத்துக்குப் பிடித்து வைக்கலாம். நல்ல கீப்பர் கிடைத்தால் விடாதீர்கள். ஏலத்தில் கீப்பர் பட்டியல் எப்போதுமே சின்னது.

பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களுக்குக் குறைந்த சம்பளத்தில் நீண்ட ஒப்பந்தம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக் குத்தகை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பூவைப் பார்த்துப் பேசினால் விலை குறைவு, காயைப் பார்த்துப் பேசினால் அதிகம். பூ கொட்டிப்போனால் நஷ்டம் எடுத்தவருக்கு. அதனால் ஒரே பையன் மேல் எல்லாவற்றையும் கட்டாமல், நான்கைந்து பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இரண்டு பேர் தேறினாலே கணக்கு நேராகிவிடும்.

படி 5: ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு?

சம்பளத்தை, அவர் ஆடக் கிடைக்கும் ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 14 ஆட்டச் சீசனில் ஒரு வெளிநாட்டு நட்சத்திரம் 12 லட்சம் கேட்கிறார். நாட்டுக்காக ஆடப் போய்விடுவதால் ஆறு ஆட்டம்தான் கிடைப்பார் என்றால் ஆட்டத்துக்கு 2 லட்சம். அதே இடத்தில் 7 லட்சம் கேட்கும் உள்ளூர்க்காரர் 14 ஆட்டமும் கிடைத்தால் ஆட்டத்துக்கு 50 ஆயிரம். நட்சத்திரம் நான்கு மடங்கு நன்றாக ஆடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்து கவுண்டி (உள்ளூர் அணி) முறையில் ஆடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி: நல்ல வீரரை வளர்த்தால் தேசிய அணி கூப்பிட்டுக்கொள்ளும்.

நம்ம பக்கத்துப் பசங்க எந்த ஆட்டம் ஆடினாலும் முதலில் தேடுவது வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை. அவர் ஊரான சின்னப்பம்பட்டி சேலம் மாவட்டம்தான், ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ற உரிமை. அவருடைய விலைப் பயணமே ஒரு பாடம். 2017-ல் பஞ்சாப் 3 கோடி, அடுத்த வருடம் ஹைதராபாத் 40 லட்சம், 2022-ல் அதே ஹைதராபாத் 4 கோடி, 2025-க்கு டெல்லி 10.75 கோடி. கடைசி விலை கொடுத்த டெல்லி அந்தச் சீசனில் அவரை ஆடவைத்தது ஒருசில ஆட்டங்களில்தான். திறமை இவ்வளவு ஏறி இறங்கவில்லை. அந்தந்த வருடத்துத் தேவையும் உடம்பும்தான் விலையை ஆட்டிவைத்தன. 40 லட்சத்தில் பிடிக்கிறவர்தான் கெட்டிக்காரர். பாசத்தில் 10 கோடிக்குப் போட்டி போட்டால் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே விலையை ஏற்றிவிடுவார்.

படி 6: பேரம்

பல மேலாளர் ஆட்டங்களில் வீரர் கேட்கும் தொகை அவருடைய சமீபத்திய ஆட்டத்தோடு சேர்ந்து ஏறும். தொடர்ந்து இரண்டு சதம் அடித்தவரிடம் மறுநாள் போய் நீட்டிப்புப் பேசாதீர்கள். நாலைந்து ஆட்டம் சொதப்பிய வாரத்தில் பேசுங்கள். இரக்கமில்லாத வேலைதான், என்ன செய்வது.

முதல் தொகையை அவர் கேட்பதற்குக் கொஞ்சம் கீழே வைத்து, வருடத்தைக் கூட்டிப் பாருங்கள். பாதுகாப்பு வேண்டும் என்கிற நடுத்தர வீரர்கள் மூன்று வருடம் என்றால் சம்பளத்தில் இறங்கி வருவார்கள். இளம் நட்சத்திரங்கள் வரமாட்டார்கள், அவர்களுக்குக் குறுகிய ஒப்பந்தம்தான் லாபம். பேச்சு முறிந்தால் சில மேலாளர் ஆட்டங்களில் அந்த வீரர் கொஞ்ச நாளைக்குத் திரும்பப் பேசவே மாட்டார். ஒரே இடத்துக்கு இரண்டாவது பெயர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச உட்காருங்கள்.

படி 7: சீசன் முடிவில்

பரிசுப் பணத்தைக் கையில் வரும்வரை கணக்கில் சேர்க்காதீர்கள். அரையிறுதி நிச்சயம் என்று நினைத்து ஆள் எடுப்பவர்கள் ஒரு மழை ஆட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

புதுப்பிப்பு பக்கத்தில் சும்மா "அடுத்த வாரம்" பட்டனை அழுத்திக்கொண்டே போகாமல், காலாவதித் தேதிக்கு முன்பு தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள். விட வேண்டியவர்களை முதலில் விடுங்கள், பிறகு நீட்டிக்க வேண்டியவர்களிடம் பேசுங்கள், புது ஆள் எடுப்பது கடைசி. இந்த வரிசை மாறினால், சம்பள வரம்பு நிரம்பிவிட்டது என்று ஆட்டம் உங்கள் கீப்பரைத் திருப்பி அனுப்பிவிடும். அவர் எதிர் அணியில் போய் நின்று உங்கள் தொடக்க ஆட்டக்காரரையே ஸ்டம்பிங் செய்வார்.