மோட்டார் யாட்டின் விவரத்தாளை எப்படிப் படிப்பது

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளிப் பக்கத்திலிருந்து யாட் என்னும் சொகுசுப் படகு வேலைக்குப் போகிற தம்பிகளே, விவரத்தாளைப் பார்த்ததும் உச்ச வேகத்தில் மயங்காதீர்கள். அது பெரும்பாலும் குறைந்த சுமையோடு, அமைதியான கடலில் ஓட்டி எடுத்த கணக்கு. வழக்கமாக ஓட்டும் வேகம் என்ன, அந்த வேகத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கும், இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். சரி, 2,000 லிட்டர் டாங்க், 20 நாட் வேகம், மணிக்கு 100 லிட்டர் என்று போட்டிருந்தால் 400 கடல் மைல் போகலாம் என்று மனசு கணக்குப் போடும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு டீசலைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு சுமார் 265 கடல் மைல் என்றே வையுங்கள், நம் பக்கத்து ஆடிக்காற்றில் எதிரலை அடித்தால் அதுவும் குறையும்.

அடுத்து அடிப்பாகத்தின் வகை. தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் வகையென்றால், நீர்மட்டத்தில் அதன் நீளம் 49 அடி இருந்தால் வேகம் ஏறக்குறைய 9.4 நாட்டோடு நின்றுவிடும். அதற்குமேல் குதிரைத்திறனைக் கூட்டினால் டீசல்தான் வீணாகும். அலைமேல் எழும்பி ஓடும் வகைக்கு இந்தக் கட்டு கிடையாது, ஆனால் எடை கூடினால் உடனே திணறும்.

அப்புறம், அடிப்பாகம் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கட்டாயம் பாருங்கள். வள்ளத்தைப் போல இதைக் கரையில் இழுத்துப் போட முடியாது.