'லேர்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று சொற்கள்

ராணிப்பேட்டையில் ஒரு டேனரி (தோல் பதனிடும் ஆலை) அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து பழைய டிரம் மிஷின்கள் வந்தபோது சாமான் பட்டியல் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இருந்தது. அதில் ஒரு வரி: 'லேர் - 1'. டச்சு வியாபாரிகளின் கடிதங்களில் லேர் என்றால் தோல். 'தோல் ஒன்று' என்று எழுதிவிட்டேன். கன்டெய்னரைத் திறந்தால் ஏணி.

1652இல் தென்னாப்பிரிக்காவின் கேப் முனையில் இறங்கிய டச்சுக்காரர்களின் பேச்சிலிருந்து வளர்ந்தது ஆப்பிரிக்கான்ஸ். அதில் லேர் தோல், ஏணி, படிப்பது மூன்றுமாகும். நம் 'படி'யும் மாடிப்படி, பாடம் படி, அரிசி அளக்கும் படி என்று நிற்கிறதே! அதனால் 'ஏறுவதும் கற்பதும் ஒன்று' என்று கதை கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். சொல்லாராய்ச்சியில் அதிகம் வழி தவறுவது இங்கேதான்.

முதலில் பொருள்களைத் தனித்தனி வரியில் எழுதுங்கள். பக்கத்தில் உறவு மொழி, அதாவது ஒரே மூலத்திலிருந்து பிரிந்த மொழியின் சொல்லை எழுதுங்கள். நமக்குத் தெரிந்த ஆங்கிலமே போதும்: லெதர் தோல், லேடர் ஏணி, லேர்ன் படிப்பது. அங்கே மூன்றும் வேறு வேறு. ஜெர்மனிலும் அப்படியே: லேடர் தோல், லைட்டர் ஏணி, லேரன் கற்பிப்பது. அப்படியானால் மூன்று சொற்கள் தேய்ந்து ஒன்றாகியிருக்கின்றன.

எது தேய்ந்தது? நடுவில் இருந்த 'ட' ஒலி. உயிரொலிகளுக்கு நடுவே வரும் அந்த ஒலியை டச்சுக்காரர்கள் பல சொற்களில் விழுங்கிவிட்டார்கள். சகோதரனைக் குறிக்கும் 'ப்ரூடர்' 'ப்ரூர்' ஆனது அப்படித்தான். தோலுக்கு 'லேடர்' என்ற பழைய வடிவம் டச்சில் இன்னும் இருக்கிறது. ஏணியிலும் அதே ஒலி உதிர்ந்தது. படிப்பதற்கான சொல்லில் அது இருந்ததே இல்லை.

அப்புறம் அகராதியில் சரிபாருங்கள். எட்டிமொலஹிபாங்க் என்ற டச்சுச் சொற்பிறப்புத் தளத்தை இலவசமாகவே பார்க்கலாம்.

ஆப்பிரிக்கான்ஸின் 'க்ரால்' என்ற சொல்லையும் இப்படியே பாருங்கள். மாலையில் கோர்க்கும் மணி என்றால் அது பவளத்தைக் குறிக்கும் 'கொரால்' குறுகி வந்தது. மாட்டுப்பட்டி என்றால் போர்ச்சுகீசிய 'குர்ரால்' திரிந்து வந்தது. இங்கேயும் இரண்டு சொற்கள்.

'ஸ்தூப்' அப்படியில்லை, ஒரே சொல்தான். டச்சில் வாசற்படி, தெருவோர நடைபாதை. கேப் முனைக்குப் போனதும் வீட்டு முன்னால் உட்கார்ந்து பேசும் மேடையாகிவிட்டது. குடியாத்தத்தில் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையை ஆப்பிரிக்கான்ஸில் சொல்ல வேண்டுமென்றால் ஸ்தூப் என்றே எழுதுவேன்.