நீட்டித்த உத்தரவாதம்: கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம்

2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு, திருகோணமலையிலும் சொகுசு கிராஸ்ஓவர் (காரும் ஜீப்பும் கலந்த வகை) வாங்கப் பார்ப்பவர்கள் அதிகரித்திருக்கிறார்கள். விலை பேசி முடிந்ததும் விற்பனையாளர் வழக்கமான உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் தொடரும் நீட்டித்த உத்தரவாதத்தின் தாளை நீட்டுவார். முதலில் அதில் எவை சேராது என்று சொல்லும் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பிரேக் பேட், டயர், வைப்பர் போன்ற தேயும் பாகங்கள் பெரும்பாலும் சேராது. நமக்கு முக்கியமானது துரு. கடலோர உப்புவெளியில் இரவு நிறுத்திய காரின் கண்ணாடியைக் காலையில் விரலால் தடவினால் பிசுபிசுக்கும். அதே உப்பு அடித்தளத்திலும் படிகிறது. உப்புக் காற்றால் வரும் அரிப்பை விலக்கியிருந்தால் உத்தரவாதத்தின் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் என்றால் பற்றரிக்குத் தனி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீற்றர் என்று எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாதம் தருவது உற்பத்தியாளரா, இறக்குமதியாளரா, இடைத்தரகு நிறுவனமா? பழுதானால் கொழும்புவரை இழுத்துச்செல்லும் செலவு யாருடையது? தூரம் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வாய்வார்த்தையை நான் நம்புவதில்லை. சர்வீஸ் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஒன்று தவறினாலும் உங்கள் உத்தரவாதக் கோரிக்கையை மறுக்க அது காரணமாகலாம்.