ஓட ஷூ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும், போகப் போக லூஸ் ஆயிடும்" என்று கடையில் சொன்னதை நம்பித்தான் என் முதல் ஓட்ட ஷூவை வாங்கினேன். மூன்றாவது வாரம் 15 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து சாக்ஸைக் கழற்றினால், வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரலின் நகம் கருத்துக் கிடந்தது. என் காலில் அதுதான் நீளமான விரல் என்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன்.

லூஸ் ஆவதெல்லாம் தோல் ஷூவுக்குச் சரி. ஓட்ட ஷூவின் மேல்பாகம் செயற்கை இழை, அது அவ்வளவாக இளகாது. கடையில் கடித்தால் ரோட்டிலும் கடிக்கும்.

உட்கார்ந்தபடியே ஒரு காலில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு பில் போடச் சொல்வதுதான் நம்மில் பலரும் செய்கிற தவறு. எழுந்து நின்றால்தான் உடம்பின் எடையில் பாதம் நீண்டு அகலும். நின்றபடி, நீளமான விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவில் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், அதனால் பெரிய காலுக்குத்தான் ஷூ. கடைக்கு மாலையில் போங்கள், ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும்.

நீளத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது அகலத்தைப் பற்றி. இந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களை வைத்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களுடைய பாதம் அகலமாக இருப்பது தெரிந்தது. வெறுங்காலும் செருப்புமாக வளர்ந்த நமக்கு விரல்கள் விரிந்திருப்பதில் ஆச்சரியமில்லை. ஷூவுக்குள் பாதம் படும் மெத்தையை, அதாவது இன்சோலை, உருவித் தரையில் வைத்து அதன்மேல் நின்று பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் பாதம் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். இதற்குப் பலரும் ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிடுகிறார்கள். ஒரு சைஸ் என்பது நீளத்தில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர், அப்புறம் குதிகால் உள்ளே நழுவி அங்கே கொப்புளம் வரும். அதே சைஸில் வைட், அதாவது அகலம் கூடியது (ஆண்கள் ஷூவில் 2ஈ), இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஷூ சரியாக இருந்தும் குதிகால் லேசாக நழுவினால், கணுக்கால் பக்கம் சும்மா கிடக்கும் கடைசித் துளையைப் பயன்படுத்தலாம். லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளையில் நுழைத்துச் சின்ன வளையமாக விடுங்கள். மறுபக்கத்திலும் அப்படியே. எதிரெதிர் வளையங்களுக்குள் லேஸை விட்டுக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது.

ஈரக்காலைத் தரையில் பதித்துப் பார்த்து, தட்டைப் பாதத்துக்கு இந்த ஷூ, வளைந்த பாதத்துக்கு அந்த ஷூ என்று பிரிப்பதை நான் நம்புவதில்லை. அமெரிக்க ராணுவத்தில் பயிற்சி பெறும் புது வீரர்களுக்கு இப்படிப் பிரித்துக் கொடுத்துப் பார்த்ததில் காயங்கள் சொல்லும்படி குறையவில்லை. கடைக்குள் பத்தடி ஓடிப் பாருங்கள், காலுக்கு இதமாக இருப்பதை எடுங்கள். அதே ஷூவில் பேட்மிண்டன் ஆடப் போய்விடாதீர்கள். மெத்தென்ற உயரமான அடிப்பாகம் பக்கவாட்டில் பாயும்போது கணுக்காலைப் பிசகவைக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு நடைப்பயிற்சி ஷூ வாங்கி வருவதுண்டு. ஆண்கள் ஷூவில் நம் ஊர் 8 அங்கே பெரும்பாலும் 9, பெண்கள் ஷூவுக்குக் கணக்கே வேறு. எண்ணை நம்பாமல், அப்பா அம்மாவைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்துப் பாதத்தை வரைந்து, நீளத்தையும் அகலத்தையும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு ஷூ கடிப்பதே தெரியாது. புது ஷூவை முதலில் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் மட்டும் போடட்டும். கழற்றியதும் உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் மூன்றிலும் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் தினமும் பார்க்க வேண்டும்.