ஒரு ஹட்டியின் 2050: கல்வி நிலையைக் கணிக்கும் முறை, படிப்படியாக

ஆஸ்திரியாவிலுள்ள ஐஐஏஎஸ்ஏ (IIASA) என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனமும் வியன்னாவின் விட்கன்ஸ்டைன் மக்கள்தொகை ஆய்வு மையமும் 2100 வரை ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை பேர் எதுவரை படித்திருப்பார்கள் என்று கணிக்கின்றன. அதே முறையை நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டிக்கு, அதாவது ஒரு படுகர் ஊருக்கு, போட்டுப் பார்ப்போம். ஹட்டியின் எண்கள் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை.

படி 1: எக்செல்லில் ஒரு அட்டவணை. வயதை 0–4, 5–9 என ஐந்தைந்தாகக் கீழ்நோக்கி எழுதுங்கள். குறுக்கே படிப்பு: பள்ளிக்குப் போகாதவர், தொடக்கப்பள்ளி, பத்தாவது, பிளஸ் டூ, பட்டம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனித் தாள்.

படி 2: எல்லோருக்கும் ஐந்து வயது கூட்டுங்கள். 20–24 வரிசை 25–29-க்கு இறங்கும். ஒவ்வொரு கட்டத்தையும் உயிரோடிருக்கும் விகிதத்தால் பெருக்குங்கள். படித்தவர்களுக்கு அது பொதுவாகச் சற்றுக் கூடுதல்.

20–24-க்கு மேல் படிப்பு மாறாது என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். இந்த முறையின் உயிர்நாடியே இதுதான். பள்ளிக்கூடம் போகாமல் இன்று 40 வயதில் கொழுந்து பறிக்கும் அக்கா, 2050-இல் 65 வயதிலும் அதே கட்டத்தில்தான் இருப்பார். இன்று எத்தனை பள்ளி திறந்தாலும் முழு அட்டவணை மாறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

படி 3: 10 முதல் 24 வரை உள்ளவர்களில் எத்தனை சதவீதம் அடுத்த படிப்பு நிலைக்கு ஏறுகிறார்கள் என்று போடுங்கள். மாவட்டம் முழுவதற்கும் கணக்கிட்டால், தயவுசெய்து ஒரே சராசரி வேண்டாம். பந்தலூர், கூடலூர்ப் பக்கம் பாதியில் படிப்பை விடும் பணியர் பழங்குடிப் பிள்ளைகள் அதில் காணாமல் போய்விடுவார்கள்.

படி 4: 15–49 வயதுப் பெண்களைப் படிப்புக்கேற்ற ஐந்தாண்டுப் பிறப்பு விகிதத்தால் பெருக்கினால் புதிய 0–4 வரிசை கிடைக்கும்.

படி 5: இடப்பெயர்வு. இதைப் பூஜ்யம் என்று விட்டுவிடாதீர்கள். நீலகிரியின் மக்கள்தொகை 2001-இல் 7,62,141, 2011-இல் 7,35,394. பிறப்பை மட்டும் பார்த்தால் இந்தச் சரிவு விளங்காது.

20–24 வயதுப் பெண்கள் 200 பேர் என்று வையுங்கள்: பட்டம் 80, பிளஸ் டூ 70, பத்தாவது 50. உயிரோடிருக்கும் விகிதம் எல்லோருக்கும் 0.99. கோவை, திருப்பூர் என்று கீழே இறங்குகிறவர்கள் முறையே 30, 15, 5 சதவீதம். ஐந்து ஆண்டில் மிஞ்சுவது 55, 59, 47. பட்டதாரிகளின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 34-க்கு வந்துவிட்டது! யாருடைய படிப்பும் குறையவில்லை. படித்தவர்கள் மலையை விட்டுப் போயிருக்கிறார்கள்.

படி 6: 2025-இல் தொடங்கி இதையே ஐந்து முறை செய்தால் 2050. முதலில் இன்றைய விகிதங்களோடு ஓட்டுங்கள். பிறகு, மாவட்டம் முழுவதற்கும் கணக்கிட்டால், பந்தலூர்ப் பிள்ளைகளும் கோத்தகிரிப் பிள்ளைகளைப் போலவே பிளஸ் டூ முடிப்பதாக வைத்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு தாள்களிலும் 25–29 வரிசையை ஒப்பிடுங்கள். அதில் வருகிறவர்கள் 2025-இல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.