பிறந்த குழந்தை வீட்டுக்கு வந்தாயிற்று: முதல் சில நாட்களை ஒரு நோட்டோடு ஓட்டுவது எப்படி?

குழந்தையோடு வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், நடு இரவு. "ஒரு மணிக்குத்தானே பால் கொடுத்தேன்?" என்றாள் என் மனைவி. "அது நேற்று" என்றேன் நான். இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறை. மறுநாள் காலை ஒரு பழைய நோட்டை எடுத்து, அதில் நூலால் ஒரு பேனாவைக் கட்டி, கட்டில் பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு சண்டை பாதியாகக் குறைந்தது. ஆகவே முதலில் நோட்டு, மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: நோட்டில் மூன்று பத்தி

பால், சிறுநீர், மலம். நேரத்தை மட்டும் எழுதினால் போதும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது சாதாரணம். ஒரு முறை குடிக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து அடுத்த முறை ஆரம்பித்த நேரம் வரை கணக்கு; முடித்த நேரத்திலிருந்து அல்ல. அதனால்தான் "இப்போதுதானே குடித்தது" என்று தோன்றுகிறது. சில மாலைகளில் மணிக்கு ஒரு முறைகூடக் கேட்கும். அதை வைத்து மட்டும் பால் போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

போதுகிறதா என்பதை டயப்பர் சொல்லிவிடும். முதல் நாள் ஒன்றிரண்டு முறைதான் நனையும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நனைய வேண்டும். மலம் முதலில் தார் போலக் கறுப்பாக, ஒட்டிக்கொண்டு வரும். பயப்பட வேண்டாம். பிறகு பச்சையாகி, நான்கைந்து நாளில் மஞ்சளாகிவிடும். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடைக்குத் திரும்பும். அந்த எடை திரும்பும் வரை, நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும்.

தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. முதலில் சுரக்கும் சீம்பால் அளவில் குறைவாக இருந்தாலும் அந்தக் குட்டி வயிற்றுக்கு அதுவே போதும்.

படி 2: இரவு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தாய்ப்பால் கொடுக்கும் வேலையைப் பங்கு போட முடியாது. அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் போடலாம். எங்கள் வீட்டு முறை இது: குழந்தை சிணுங்கியதும் எழுவது நான். டயப்பர் மாற்றி, அம்மாவிடம் கொடுப்பேன். குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பதும், படுக்க வைப்பதும், நோட்டில் எழுதுவதும் என் பாடு. அவள் விளக்கைக்கூடத் தொட வேண்டியதில்லை.

டயப்பர் மாற்ற ஒரு சின்ன வழி. பழையதைப் பிரிக்கும் முன்பே புதியதை அடியில் விரித்துவிடுங்கள். ஆண் குழந்தை என்றால், பிரித்த கையோடு ஒரு துணியை மேலே போடுங்கள்; இல்லையென்றால் உங்கள் சட்டைக்குத்தான் அபிஷேகம். பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். தொப்புள்கொடி விழும் வரை, டயப்பரின் முன் விளிம்பை அதற்குக் கீழே மடித்துவிடுங்கள். எண்ணெய், பவுடர் எதையும் அதில் போடாதீர்கள். காய்ந்தபடி இருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் தானே விழும்.

படுக்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான். கெட்டியான, சமமான படுக்கை. தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் கிட்டே வேண்டாம். குழந்தையை ஏந்திக்கொண்டு சோபாவில் கண் அயர்வது மிக ஆபத்து. கண் சொக்குகிறது என்றால் வெட்கப்படாமல் அடுத்தவரை எழுப்புங்கள்.

படி 3: பார்க்க வருகிறவர்கள்

வீட்டில் 'இன்று வேண்டாம்' என்று சொல்ல ஒருவரை நியமியுங்கள். அது அம்மாவாக இருக்கக் கூடாது. வருகிறவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், முகத்தில் முத்தம் கூடாது, சளி, காய்ச்சல் இருந்தால் இன்னொரு நாள். "எதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பவரிடம் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். பாத்திரம் கிடக்கிறது என்று சொல்லுங்கள். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் தானாகக் கிடைக்கும், பாத்திரத்துக்குத்தான் கிடைக்காது.

மூத்த குழந்தை இருந்தால், அதற்கென்று தினமும் கொஞ்ச நேரம் யாராவது ஒருவர் ஒதுக்குங்கள். டயப்பர் எடுத்துக் கொடுக்கும் பதவியையும் கொடுத்துப் பாருங்கள்.

படி 4: அம்மாவைக் கவனியுங்கள்

இதைத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். எல்லாக் கண்ணும் தொட்டில்மேல். மூன்றாம் நாளை ஒட்டி, காரணமே இல்லாமல் அழுகை வரும். ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும் சேர்ந்த வேலை அது. அறிவுரை வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் மனச்சோர்வு நீடித்தால் டாக்டரிடம் பேசுங்கள். தனக்கோ குழந்தைக்கோ கெடுதல் செய்யும் எண்ணம் வந்தால் அன்றே, அப்போதே.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சல், கண் மங்கலோடு கடுமையான தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல்: இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை.

படி 5: குழந்தைக்கு எப்போது ஓட வேண்டும்

உடல் சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் போனால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள். பால் குடிக்க மறுப்பது, எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு வாங்குவது, முதல் 24 மணி நேரத்திலேயே தெரியும் மஞ்சள் நிறம் அல்லது கை, கால் வரை பரவும் மஞ்சள், பச்சை நிற வாந்தி, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு: இவற்றுக்கும் அதே அவசரம்தான்.

முதல் பரிசோதனைக்குப் போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை முறை குடிக்கிறது, எத்தனை முறை நனைக்கிறது என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். நான் பெருமையாக நோட்டை நீட்டினேன். தூக்கக் கலக்கத்தில் எழுதிய என் கையெழுத்தை அவராலும் படிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. கடைசியில் என் மனைவிதான் வாசித்தாள்.