டவுட் என்ற சொல்லில் நாம் செய்யும் தவறுகள்

வகுப்பில் எழுந்து நின்று "மிஸ், ஒரு டவுட்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்குள் பேசும்போது அதில் ஒரு குறையும் இல்லை. இந்திய ஆங்கிலத்தில் டவுட் என்றால் புரியாத இடம், கேட்க வேண்டிய கேள்வி என்றே ஆகிவிட்டது. ஆனால் "ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ரிப்போர்ட்" என்று லண்டனில் இருப்பவருக்கு மெயில் போட்டால், உங்கள் அறிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் எடுத்துக்கொள்வார். கேட்க வந்தது கேள்வி என்றால் கொஸ்டின் என்றே எழுதுங்கள்.

இதைக்கூட மன்னித்துவிடலாம். டவுட்டை வினைச்சொல்லாக எழுதும்போதுதான் பொருளே தலைகீழாகப் போகிறது. "சர்வர் டவுன் ஆகியிருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன்" என்று தமிழில் சொன்னால், ஆகியிருக்கும் என்ற பக்கம் மனம் சாய்கிறது. அதையே "ஐ டவுட் த சர்வர் இஸ் டவுன்" என்று எழுதினால், "சர்வர் டவுன் ஆகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை" என்று அர்த்தம். படித்தவர் சர்வரை விட்டுவிட்டு வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பார். இந்த இடத்துக்கு வேண்டிய சொல் சஸ்பெக்ட். "ஐ டவுட் ஹி வோன்ட் கம்" என்பதும் இதே கதைதான். அவர் வரமாட்டார் என்று சொல்ல நினைத்து, வருவார் என்று சொல்லிவிடுகிறோம். "ஐ டவுட் ஹி வில் கம்" என்றாலே போதும், மறுப்பு டவுட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சொல்லின் வேரைப் பார்த்தால் இது சரியாகப் பிடிபடும். இதன் மூலம் டுபிட்டாரே என்ற லத்தீன் சொல். இரண்டு என்பதைக் குறிக்கும் டுவோவோடு உறவுள்ளது. அதாவது, மனம் இரண்டுபட்டு நிற்பது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது எழுத்தில் பி கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பின்னாளில் அதைச் சேர்த்தார்கள். எழுத்தில் நின்றது, வாயில் ஏறவில்லை. ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்ற வாத்தியார், பி-யை உச்சரிக்காதவர்களைத் திட்டுவார். ஊர் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆகவே எழுதும்போது பி-யை விடாதீர்கள், சொல்லும்போது சேர்க்காதீர்கள்.

பழைய ஆங்கிலப் பிரதிகளைப் படிப்பவர்களுக்கு ஒன்று. அங்கே டவுட் சில இடங்களில் பயத்தைக் குறிக்கும். ரிடவுட்டபிள் என்ற சொல்லில் அந்தப் பயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அஞ்சத்தக்க, அசாத்தியமான என்பதே அதன் பொருள். சந்தேகத்துக்கு உரியவர் என்று மொழிபெயர்த்தால் புகழுரை பழிச்சொல் ஆகிவிடும்.

அப்புறம், நோ டவுட். நாம் இதைச் சத்தியம் செய்வது போலச் சொல்கிறோம். "நோ டவுட் ஹி வில் கால்" என்று ஆங்கிலேயர் சொன்னால் பல நேரம் அது "கூப்பிடுவார் என்று நினைக்கிறேன்" என்ற அளவுதான். அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் வித்தவுட் எ டவுட் என்று சொல்லுங்கள்.